உங்களுக்குத் தெரியுமா? மீனம்பாக்கத்தில் மழை, நுங்கம்பாக்கத்தில் புழுக்கம்

கோடையில் சென்னையின் தரை சூடேறி, அதை ஒட்டிய காற்று இலேசாகி மேலெழும்போது, பிற்பகலில் நுழையும் ஈரமான கடற்காற்று உள்நாட்டு மேலைக்காற்றைச் சந்திக்கும் இடத்தில் அவ்வெழுச்சி வலுப்பெற்று, 10 கிலோமீட்டருக்கும் மேல் உயரும் இடிமுகில் திரள்கிறது. வானிலை அறிக்கைகள் ‘வெப்பச்சலனம்’ என்பது இந்த மேலெழுச்சியையே. தனி இடிமுகில் பெரும்பாலும் சில கிலோமீட்டர் அகலமே கொண்டு, ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் கலைந்துவிடுவதால், மீனம்பாக்கத்தில் கொட்டும் மழை நுங்கம்பாக்கத்தில் ஒரு துளியும் விழாமற்போவதுண்டு. வானிலை நிலையங்களுக்கு இடையே இவ்வாறு பதிவாகாமல் விடுபடும் மழையின் இடைவெளியை நிரப்புவதாலேயே, திறந்தவெளியில் மழைமானி வைத்து, காலை 8.30 மணிக்கு அளவுக்குழாயைக் கண்மட்டத்திற்கு உயர்த்தி, நீரின் வளைந்த மேற்பரப்பின் அடிக்கோட்டைப் படிக்கும் ஆர்வலரின் குறிப்பேடு பெருமதிப்புடையது. அதில் பதிவாகும் 1 மில்லிமீட்டர், ஒரு சதுர மீட்டர் பரப்பில் விழுந்த 1 லிட்டர் நீரைக் குறிக்கும்.