விண்கலத்துக்கு எது பிரேக்?

2007ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் நம் நாட்டின் முதல் விண்வெளி வீரர் டாக்டர் ஷேக் முஸாபார் ஷுகோர், ரஷ்யாவின் சோயுஸ் கலத்தில் ஏறிச் சென்றது உங்களுக்கு நினைவிருக்கும். அவர் ஏறியதைத்தான் ஊரெல்லாம் பேசினோம். 21ஆம் நாள் இறங்கிய கதையோ அதைவிடப் பெரிது.

அனைத்துலக விண்வெளி நிலையத்தின் வேகம் மணிக்குச் சுமார் 28,000 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஈப்போவிலிருந்து கோலாலம்பூர் போக அரை நிமிடம்கூட ஆகாது. இவ்வளவு வேகத்தையும் இயந்திரத்தாலேயே குறைப்பதென்றால், மலைபோல எரிபொருளைச் சுமந்து போக வேண்டும். அதனால் இயந்திரத்தை நாலைந்து நிமிடம் மட்டும் எதிர்ப்பக்கமாக எரிப்பார்கள். குறைவது மணிக்கு 400 கிலோமீட்டர் அளவுதான். ஆனாலும் பாதை தாழ்ந்து, கலம் காற்று மண்டலத்துக்குள் நுழைந்துவிடும். மீதி வேலையைக் காற்று பார்த்துக்கொள்ளும்.

சைக்கிளுக்குக் காற்றடித்தால் பம்பின் அடிப்பக்கம் சுடும், இல்லையா? நெருக்குண்ட காற்று சூடேறும். கலத்தின் முன்னாலும் விலகிப்போக நேரமில்லாத காற்று நெருக்குண்டு, ஆயிரக்கணக்கான டிகிரிக்குக் காய்கிறது. உராய்வுதான் காரணம் என்று பலரும் சொல்வார்கள். பெரும்பங்கு இந்த நெருக்கத்தினுடையது. கலத்தின் அடி கூராக இல்லாமல் மழுங்கலாக இருப்பதால், கொடுஞ்சூடு சற்றுத் தள்ளியே நிற்கிறது. மிஞ்சிய சூட்டை அடியிலுள்ள கவசம் தானே கருகி உதிர்ந்து எடுத்துப்போகிறது.

அன்று ஒரு கோளாறு நேர்ந்தது. வழக்கமாகக் கலம் சற்றுச் சாய்ந்து, காற்றில் கொஞ்சம் மிதந்தாற்போல் இறங்கும். அன்றோ கம்பி ஒன்று பழுதானதால், சுழன்றபடி கல்லைப்போல விழுந்தது. அடர்ந்த காற்றை முன்னதாகவே சந்தித்ததால் வேகம் சட்டென்று குறைந்தது. வழக்கமான இறக்கத்தில் உடல் நாலைந்து மடங்கு கனக்கும். இப்படி விழுந்தால் எட்டு மடங்கு வரை போகும். 60 கிலோ ஆள் 480 கிலோவாகக் கனப்பார். காண்டா வாளி தூக்கிய தோளுக்குப் பாரம் என்றால் என்னவென்று தெரியும். அதைப்போல் பல மடங்கு நெஞ்சின்மேல் ஏறினால்? அதைத் தாங்கத்தான் வீரர்கள் மல்லாந்து படுத்தபடி வருகிறார்கள்.

தரைக்குச் சுமார் பத்துக் கிலோமீட்டர் இருக்கையில் குடைகள் விரியத் தொடங்கும். பெரிய குடையின் பரப்பு 1,000 சதுர மீட்டர். கடைசி ஒரு மீட்டருக்குள் சிறு ராக்கெட்டுகள் ஒரு கணம் எரிந்து மோதலைத் தணிக்கும். குறித்த இடத்துக்குச் சுமார் 340 கிலோமீட்டர் மேற்கே, கஜகஸ்தான் புல்வெளியில், நம்மவரும் உடன் வந்த ரஷ்யர் இருவரும் நலமாக இறங்கினார்கள்.