கருவுற்ற காலத்துச் சோதனைகளும் தாயின் கலக்கமும்

வெள்ளிக்கிழமைதோறும் ஆட்டுச் சந்தை கூடும் குந்தாரப்பள்ளியை அறியாதவர் கிருஷ்ணகிரி வட்டாரத்தில் இலர். அந்நெடுஞ்சாலையோரம் இன்று தொழிற்சாலைகள் எழும்பிவிட்டன. பெங்களூர் ஒரு பேருந்துப் பயணத் தொலைவே. மருத்துவச்சியின் கைப்பக்குவத்தையே நம்பியிருந்த இல்லங்களுக்குள் ஸ்கேன் படமும் இரத்தப் பரிசோதனை அறிக்கையும் வந்து சேர்ந்துவிட்டன. அவற்றோடு ஒரு புதிய அச்சமும் வந்திருக்கிறது.

அறிக்கையில் "1:200" என்று ஓர் எண் இருக்கும். அருகே "அபாயம் மிகுதி" என்று குறித்திருப்பார்கள். அதைக் கண்ட மாத்திரத்தில் அன்னம் தண்ணீர் இறங்காமல் தவிக்கும் சகோதரியே, அவ்வெண்ணின் பொருளைச் சற்றே பொறுமையுடன் கேளுங்கள். அத்தகைய கணிப்பைப் பெற்ற 200 தாய்மாரில் ஒருவருடைய குழந்தைக்கே அக்குறை இருக்கக்கூடும்; 199 பேருடைய குழந்தைகளுக்கு அது இராது. 11 முதல் 14 வாரத்துக்குள், சிசுவின் கழுத்துக்குப் பின்னுள்ள நீர்ப்படலத்தை அளந்து, தாயின் இரத்தத்தையும் ஆராய்ந்து செய்யும் இச்சோதனை ஒரு சல்லடையேயன்றித் தீர்ப்பன்று. டவுன் சிண்ட்ரோம் உடைய கருக்களில் 100-க்கு 90 அளவில் அது கண்டுகொள்கிறது. ஆனால் குறையேதுமற்ற சிசுவைச் சுமக்கும் தாய்மாரிலும் ஏறத்தாழ 20 பேருக்கு ஒருவரை வீணே கலங்கச் செய்கிறது. தாயின் இரத்தத்தில் கலந்துள்ள கருவின் மரபணுத் துணுக்குகளை ஆராயும் புதிய முறை இதனினும் துல்லியமானது. எனினும் அதுவும் முடிந்த முடிவன்று. உறுதியாகச் சொல்ல வேண்டுமெனில் நஞ்சுக்கொடியின் திசுவையோ பனிக்குட நீரையோ ஊசியால் எடுத்துச் சோதித்தல் வேண்டும். அதனால் கரு கலையும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவே. ஆயினும் அறவே இல்லை என்று சொல்வதற்கில்லை.

"கருவறையில் உள்ளதை அல்லாஹ் ஒருவனே அறிவான், பின்னர் ஸ்கேன் எதற்கு?" என்று வினவும் பெரியவர்கள் இன்றும் உள்ளனர். அவர்களுடைய ஈமானை நாம் மதிக்கிறோம். ஆனால் படைக்கப்பட்டுவிட்ட உருவத்தை ஒளியலையாலோ ஒலியலையாலோ நோக்குவது மறைவான ஞானத்துக்கு உரிமை கொண்டாடுவதாகாது. அக்குழந்தையின் ஆயுளையும் உணவையும் நற்பேற்றையும் எந்தப் படச்சுருள் காட்டும்? நோய்க்கு மருந்து தேடுமாறு தம் தோழர்களைப் பணித்தவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே அல்லரோ!

இதனினும் கொடியது, மருமகளின் மீது சுமத்தப்படும் பழி. கிரகணத்தன்று வெளியே வந்தாள், கத்தியைத் தொட்டாள் என்றெல்லாம் பேசுகிறார்கள். டவுன் சிண்ட்ரோம் என்பது 21-ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக அமைவதால் உண்டாவது என்று 1959-இல் கண்டறியப்பட்டது. உயிரணு பிரியும்போது நேரும் பிறழ்வு அது. அன்னையின் செயல் எதுவும் அதற்குக் காரணமன்று. தாயின் வயது ஏற ஏற வாய்ப்பு மிகும், அவ்வளவே. கி.பி. 632-இல் பெருமானாரின் பச்சிளம் மைந்தர் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. அம்மரணத்தினாலேயே கதிரவன் இருண்டதென மக்கள் பேசினர். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த அவ்வேளையிலும் அண்ணலார் அதனை மறுத்துரைத்தார்கள். எவருடைய பிறப்புக்கும் இறப்புக்கும் கிரகணத்தோடு தொடர்பில்லை என்றார்கள். அதே நாளில் கண்ணீரும் சிந்தினார்கள். அழுகின்ற தாயை "ஈமான் குறைந்தவள்" என்று ஏசுவோர் இதனை எண்ணிப் பார்ப்பார்களாக.

குறை உறுதியாகிவிட்டால் என் செய்வது? 1990-இல் மக்காவில் கூடிய உலக முஸ்லிம் லீக்கின் ஃபிக்ஹு பேரவை இதனை ஆராய்ந்தது. கரு 120 நாள்களை எட்டுமுன், தீர்க்கவியலாத கடும் ஊனம் உண்டெனத் திறனும் நம்பகமும் வாய்ந்த மருத்துவர் குழு உறுதி செய்து, பெற்றோரும் வேண்டினால் கலைக்க இடமுண்டு. 120 நாள் கடந்தபின், தாயின் உயிருக்கே ஆபத்து என்றாலன்றி இடமில்லை என்று முடிவு செய்தது. மத்ஹபுகளிடையே இதில் கருத்து வேறுபாடு உண்டு. இந்தியச் சட்டமோ 2021-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், கடும் ஊனத்தை மருத்துவ வாரியம் உறுதி செய்தால் 24 வாரங்களுக்குப் பின்னரும் அனுமதிக்கிறது. 2008-இல் மும்பைத் தம்பதியர் ஒருவர், சிசுவின் இதயக் கோளாறு 24 வாரத்துக்குப் பின் தெரியவந்ததாக உயர்நீதிமன்றத்தை நாடி, அனுமதி பெறாது திரும்பியதும் இத்திருத்தத்துக்கு வழிவகுத்த விவாதங்களுள் ஒன்று.

இச்சோதனைகளின் பெயரால், பெண்ணா ஆணா என்று கேட்டறிவது 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் இரகசியமாகப் பால் கூறியோர் கைதானதை நாளேடுகளில் படித்திருப்பீர்கள். பெண் மகவை உயிரோடு புதைத்தவர்களைத் திருமறை எவ்வாறு சாடுகிறது என்பதை நாம் விரிக்க வேண்டுவதில்லை.

நாள் கணக்கில் ஒரு நுட்பம் உண்டு. மருத்துவர்கள் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து வாரங்களை எண்ணுகிறார்கள். கரு தரிப்பதோ அதற்குச் சுமார் இரண்டு வாரம் கழித்தே. ஆதலின் 120 நாள் என்பது மருத்துவக் கணக்கில் 19 வாரத்தை ஒட்டி வரும். உறுப்புகளை நுணுகி நோக்கும் ஸ்கேன் 18 முதல் 20 வாரத்துக்குள்தான் எடுக்கப்படுகிறது. ஆகவே முதல் மூன்று மாதச் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இன்று கிருஷ்ணகிரியிலேயே உள்ளது. ஐயம் எழுந்தால் இரண்டாவது மருத்துவர் ஒருவரிடமும் காட்டுங்கள். கணவரும் உடன் செல்லட்டும். பின் ஆலிமை அணுகும்போது அறிக்கைகளைக் கையோடு கொண்டு செல்லுங்கள். கருவுக்கு எத்தனை நாள் என்பதே அவருடைய முதற் கேள்வியாக இருக்கும். மருத்துவர் எழுதிய வாரத்தில் இரண்டைக் கழித்துச் சொல்லுங்கள்.