லினக்ஸில் ஏன் ஃபோட்டோஷாப் இல்லை?

ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன், கோரல்டிரா. அச்சுத் தொழிலில் இருப்பவர்கள் அன்றாடம் புழங்கும் இந்த நான்கில் ஒன்றுகூட இன்று லினக்ஸ் இயங்குதளம் உள்ள கணினியில் நேரடியாக ஓடாது. சென்னையில் இது ஒரு வசதிக்குறைவு. அந்தமானில் பிழைப்பையே தொடும் சங்கடம்.

முதல் மூன்றையும் தயாரிக்கும் அடோபி 2013இல் சந்தா முறைக்கு மாறியது. மென்பொருளை இணையத்தில் இறக்கி, சந்தா கட்டி, அவ்வப்போது உள்நுழைந்து உரிமத்தை உறுதிசெய்ய வேண்டும். அப்போது அந்தமான் தீவுகளின் இணையம் செயற்கைக்கோளை நம்பியே இருந்தது. சுமார் 2,300 கி.மீ. நீளமுள்ள சென்னை–அந்தமான் கடலடிக் கேபிள் திறக்கப்பட்டது 2020 ஆகஸ்ட் 10 அன்றுதான். லினக்ஸ் போன்ற, யாரும் நகலெடுத்துப் பகிரக்கூடிய கட்டற்ற மென்பொருளுக்கு இந்தக் கட்டாயங்கள் கிடையாது. போர்ட் பிளேரில் (இன்றைய ஸ்ரீ விஜயபுரம்) ஒருமுறை இறக்கி பென்டிரைவில் கார் நிக்கோபாருக்குக் கொண்டுபோகலாம், சட்டப்படியும் சரி.

லினக்ஸில் ஃபோட்டோஷாப் போன்றவற்றை ஓட வைக்கவே முடியாதா? முடியும். லினக்ஸுக்கு மூத்த உறவான யூனிக்ஸ் கணினிகளில் 1990களில் ஃபோட்டோஷாப் ஓடியது. கோரல்டிரா 9 லினக்ஸுக்கென்றே 2000இல் வெளிவந்தது. ஆனால் அதைத் தயாரித்த நிறுவனம் விரைவிலேயே பின்வாங்கிவிட்டது. திரைப்பட வரைகலைக்கான மாயா, நியூக் ஆகியவை இன்றும் லினக்ஸில் ஓடுகின்றன, ஏனென்றால் பெரிய ஸ்டூடியோக்கள் கேட்கின்றன. அச்சகங்கள் சேர்ந்து கேட்டதில்லை. வாங்குவோர் குறைவு என்று நிறுவனம் ஒதுங்குகிறது; மென்பொருள் இல்லை என்று வாங்குவோர் ஒதுங்குகிறார்கள்.

இருக்கும் மாற்றுகளில் படத்துக்கு கிம்ப், கோட்டோவியத்துக்கு இங்க்ஸ்கேப், பக்க அமைப்புக்கு ஸ்கிரைபஸ். தமிழருக்கு நெடுநாள் முட்டுக்கட்டையாக இருந்தது மூன்றாவதுதான். 'கொடி' என்று அடித்தால் ஒற்றைக்கொம்பு 'க'வுக்கு முன்னும் கால் பின்னும் போய் உட்கார வேண்டும். பழைய ஸ்கிரைபஸுக்கு அது தெரியாது. எழுத்து உடைந்து நிற்கும். ஓமான் நாட்டு ஆர்வலர் குழு ஒன்றின் உழைப்பால் 2017இல் சோதனைப் பதிப்பில் இது சரியானது. நிலையான 1.6 பதிப்பு 2024 ஜனவரியில் வந்தது. அரபிக்காகத் தொடங்கிய வேலை தமிழுக்கும் வழி திறந்தது.

அச்சு வேலையை லினக்ஸுக்கு மாற்றுவது நடைமுறையில் சாத்தியமா என்பதற்குக் கேரளம் பதில் சொல்லிவிட்டது. ஜனயுகம் மலையாள நாளிதழ் பழைய பக்க அமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரைக் கைவிட்டு, 2019 அக்டோபர் 2 அன்று முழுக்க லினக்ஸுக்கு மாறியது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான குபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு தனக்கென ஓர் இயங்குதளம், ஸ்கிரைபஸ், கிம்ப், இங்க்ஸ்கேப், ஓவியத்துக்கான கிரிட்டா, பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் அமைந்த எழுத்துருக்கள், ஊழியர்களுக்குப் பயிற்சி என எல்லாவற்றையும் சேர்த்தே செய்தார்கள். தனியொரு வடிவமைப்பாளர் மாறினால் அச்சகம் அவர் கோப்பைத் திருப்பி அனுப்பும். நிறுவனமே மாறியதால் அந்தச் சிக்கல் எழவில்லை. மாலை வேளையின் நெருக்கடியில் பக்கம் முடிக்கும் நாளிதழுக்கே இது போதுமென்றால், கல்யாணப் பத்திரிகைக்கும் திருவிழா நோட்டீசுக்கும் போதாதா?

குறைகள் இல்லாமல் இல்லை. 2025 மார்ச்சில் வந்த கிம்ப் 3.0 நல்ல முன்னேற்றம்தான். ஆனால் அச்சுக்கான நான்கு வண்ண முறையில் அது நேரடியாக வேலை செய்வதில்லை. இன்டிசைன் கோப்பை ஸ்கிரைபஸ் நேரடியாகத் திறக்காது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த தமிழோ, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். அந்தப் பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றாமல் எந்த அச்சகமும் இடம்பெயர முடியாது.

தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடை ஏற்றது. தமிழ் இணையக் கல்விக்கழகம் இலவச யூனிகோடு எழுத்துருக்களை வெளியிட்டது. அடுத்த படியாக ஸ்கிரைபஸில் தமிழ்ப் பக்க அமைப்புக்கு முறையான பயிற்சியையும் பாடநூலையும் கழகம் கொண்டுவர வேண்டும். அந்தமானின் தமிழ்வழிப் பள்ளி மாணவர்களுக்கும் அது போய்ச் சேர வேண்டும்.