பத்தரை மீட்டரில் மலைக்கோட்டை

அப்பாவின் ஃபிலிம் கேமராவிலிருந்த 50 மி.மீ. மேனுவல் லென்ஸைத் தன் மிரர்லெஸ் கேமராவில் மாட்டிக்கொண்டு திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் போயிருக்கிறார் ஸ்ரீரங்கத்து வாசகர் ஒருவர். நடத்துநர் மங்கல், பின்னால் நிற்கும் பஸ் பளிச். லென்ஸில் பூஞ்சையா என்று கேட்கிறார்.

இல்லை. பூஞ்சை என்றால் படம் முழுக்கப் புகை படிந்தாற்போல் இருக்கும். ஃபோகஸ் பஸ்ஸில் விழுந்துவிட்டது; இது எஃப் 1.8-இல் எடுத்ததன் வினை. இரண்டு மீட்டரில் நிற்பவரை அப்படி எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் சுமார் 17 செ.மீ.; ஒரு சாண்கூட இல்லை.

எஃப் 8-க்கு மாற்றி, வளையத்தைப் பத்தரை மீட்டரில் வைத்துவிட்டால், அப்புறம் ஃபோகஸ் செய்யவே வேண்டாம். ஐந்தேகால் மீட்டரிலிருந்து மலைக்கோட்டை வரை எல்லாம் தெளிவாகும். ஹைப்பர்ஃபோகல் தூரம் என்பது இதுதான். குவியத் தொலைவின் வர்க்கம் 2500. அதை 8-ஆலும், புள்ளியாகத் தெரியும் வட்டத்தின் அளவான 0.03-ஆலும் வகுத்தால் ஏறக்குறைய 10,400 மி.மீ. வரும்.

அந்த 0.03-இல்தான் அழகு. பத்தரை மீட்டரில் லென்ஸை வைத்தால், மலைக்கோட்டையின் ஒளி சென்சாருக்கு 0.24 மி.மீ. முன்பே குவிந்து மறுபடி விரியும். எஃப் 8-இல் ஒளிக்கூம்பின் அகலம் அதன் நீளத்தில் எட்டில் ஒரு பங்கு. ஆக சென்சாரில் விழுவது 0.03 மி.மீ. வட்டம். ஐந்தேகால் மீட்டரில் நிற்பவரின் ஒளியோ சென்சாருக்கு 0.24 மி.மீ. பின்னால் குவியப் பார்க்கும். அதுவும் அதே வட்டம். அவ்வளவு சின்ன வட்டத்தைக் கண் புள்ளியாகவே எடுத்துக்கொள்கிறது.

ஸ்ரீரங்கம் டவுன் பஸ்ஸைப் பாருங்கள். நிறுத்தம் ஓரிடம்தான், முன்னே பின்னே நின்று ஓடி ஏறுகிறவரும் பயணிதான். எஃப் 1.8 கறாரான நடத்துநர், வாசலுக்கு நேரே நிற்பவரை மட்டும் ஏற்றுவார். எஃப் 8 தாராளமானவர். உச்சிப்பிள்ளையாரைச் சேவித்துவிட்டு இறங்கி வருகிறவருக்காகக்கூட விசில் ஊதாமல் காத்திருப்பார். அதற்குள் பஸ் ஏறக்குறைய 20 மடங்கு நேரம் நின்றுவிடும். ஷட்டரும் அத்தனை மடங்கு திறந்திருக்க வேண்டும். உவமையை இதற்குமேல் இழுத்தால் டிக்கெட் கேட்பார்கள்.

வரலாறு வேண்டுமானால்: மதராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரர் லின்னேயஸ் ட்ரைப், 1858-இல் திருச்சி, ஸ்ரீரங்கம் படத் தொகுப்புகளை வெளியிட்டார். அன்று எல்லா லென்ஸும் மேனுவல்தான். 1977-இல் கோனிகாவின் சிறு கேமராவும் 1985-இல் மினோல்டா 7000-உம் ஆட்டோஃபோகஸைப் பரப்பின. பல புது லென்ஸ்களில் தூர அளவுகோலே இல்லை.

பழைய லென்ஸுக்கு ஆன்மா உண்டு என்று விலையேற்றுகிறவர்களை நம்ப வேண்டாம். சோவியத் ஹீலியோஸ் 44-2 தரும் புகழ்பெற்ற சுழல் பின்னணி, ஓரத்து ஒளியை லென்ஸ் குழாயே வெட்டுவதாலும் குவியும் தளம் வளைந்திருப்பதாலும் வருவது. குறைதான், பிடித்தால் ரசிக்கலாம். பழைய லென்ஸைப் புதுக் கேமராவில் மாட்டும் அடாப்டரும் பெரும்பாலும் வெற்றுக் குழாய். நிக்கான் எஃப் லென்ஸுக்குச் சென்சார்வரை 46.5 மி.மீ. இடைவெளி வேண்டும், சோனி இ கேமராவில் இருப்பது 18, மீதி 28.5 மி.மீ. காற்றுக்கு அதிக விலை கொடுக்காதீர்கள்.

இந்த 0.03-உம் வேதவாக்கு அல்ல. அது முழு ஃபிரேமுக்கு, கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கும் பிரிண்டுக்கு வந்த கணக்கு. கணினியில் முழு அளவுக்குப் பெரிதாக்கினால் மலைக்கோட்டை சற்றே மசங்கும். ஏபிஎஸ்-சி சென்சாருக்கு 0.02 வைத்துக்கொள்ளுங்கள், பத்தரை மீட்டர் பதினைந்தரைக்கு மேல் போய்விடும்.

பகலில் வளையம் நகராதபடி அதன் மேல் ஒரு துண்டு டேப்பை ஒட்டிவிடுங்கள். விளக்கு போட்ட பிறகு எஃப் 8-க்கு வெளிச்சம் போதாது; எஃப் 1.8-க்குத் திரும்பி, வ்யூஃபைண்டரில் பெரிதாக்கிப் பார்த்து ஃபோகஸ் செய்யுங்கள். பொறுமை இல்லையென்றால் ஆட்டோஃபோகஸ் லென்ஸையே மாட்டுங்கள், கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.