மலையில் வீழ்ந்தோரை மீட்கும் தொண்டர்கள்

நுவரெலியாவில் இருந்து இவ்வுரையைக் கேட்கும் நேயர்கள், தாம் அமர்ந்திருக்கும் இடம் பிரித்தானியாவின் மிக உயர்ந்த மலைச்சிகரத்தினும் உயரமானது என்று அறிந்தால் வியப்படையக் கூடும். நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் உள்ளது. ஸ்கொத்லாந்திலுள்ள பென் நெவிஸ் சிகரமோ 1,345 மீற்றர் மட்டுமே. இங்கிலாந்தின் தலைசிறந்த சிகரமாகிய ஸ்காஃபெல் பைக் 978 மீற்றர். அஃது ஆயிரத்தைக்கூட எட்டுவதில்லை. இத்தகைய குன்றுகளிலே ஆண்டுதோறும் மனிதர் மாள்வதும், அவர்களைத் தேடி மீட்பதற்கென்று ஊதியம் பெறாத தொண்டர் குழுக்கள் நாடெங்கும் இயங்குவதும் எதனால் என்ற வினா எழுவது இயல்பே.

விடை உயரத்தில் இல்லை, காலநிலையில் இருக்கின்றது. அத்திலாந்திக் சமுத்திரத்திலிருந்து வீசும் ஈரக்காற்று அக்குன்றுகளை முதலிலே வந்து மோதுகின்றது. காலையில் வெயில் எறிக்கும். நண்பகலில் மூடுபனி இறங்கி, பத்தடிக்கு அப்பால் நிற்பவரை மறைத்துவிடும். மாரிகாலத்தில் பிற்பகல் நான்கு மணிக்கே இருள் கவியும். உறைபனிக் குளிரைத் தாங்கும் மனிதன்கூட, உடை நனைந்து அதன்மேற் காற்றும் வீசுமாயின், சில மணி நேரத்திலேயே உடற்சூட்டை இழந்து தடுமாறுவான். நடந்துகொண்டிருப்பவனுக்கு நடையே ஓரளவு சூட்டைத் தரும். கால் முறிந்து கற்களுக்கிடையே கிடப்பவனுக்கு அதுவும் இல்லை. ஆகவே மலையில் நேரும் காயம், வீதியில் நேரும் அதே காயத்தைப் பார்க்கிலும் பன்மடங்கு கொடியதாகின்றது.

இப்பணி எவ்வாறு தோன்றியது என்பதைச் சொல்வதற்கு 1928ஆம் ஆண்டுக்குப் போகவேண்டும். மான்செஸ்ரர் நகருக்குக் கிழக்கே லடோ என்னும் பாறைத்தொடர் ஒன்று உண்டு. அங்கே பாறை ஏறுவதிற் பயின்ற ஒருவர், மேலிருந்து தவறி விழுந்த வேறொருவரால் மோதுண்டு வீழ்ந்தார். அவருடைய தொடை எலும்பு முறிந்தது. தோழர்கள் சூழ நின்றார்கள். அவர்களிடம் அன்புக்கும் துணிவுக்கும் உடல் வலிமைக்கும் ஒரு குறைவும் இருக்கவில்லை. எனினும் தூக்குப்படுக்கை இல்லை. வேதனையைத் தணிக்கும் மருந்தும் இல்லை. கையிற் கிடைத்ததைக் கொண்டு படுக்கை போன்ற ஒன்றைச் சமைத்து, கரடுமுரடான நிலத்திலே பல மணி நேரம் அவரைச் சுமந்து இறக்கினார்கள். உயிர் தப்பியது, கால் தப்பவில்லை. அதனைத் துண்டிக்க நேர்ந்தது.

வில்சன் ஹே என்பவர் அந்நாளில் மான்செஸ்ரரிற் பெயர் பெற்ற சத்திர சிகிச்சை நிபுணர். தாமும் மலையேறுவோர் கழகமொன்றின் உறுப்பினர். அக்கால் இழக்கப்பட்டது வீழ்ச்சியினால் அன்று, சுமந்து வந்த முறையினாலேயே என்பது அவருடைய முடிபு. இம்முடிபுக்கு அவர் வந்ததன் காரணத்தைச் சிறிது விளக்குதல் வேண்டும். தொடை எலும்பு முறியும்போது தோலில் ஒரு கீறலும் இல்லாமலே ஒரு லீற்றருக்கு மேற்பட்ட இரத்தம் தொடைக்குள் வடிந்து தேங்கிவிடலாம். முறிந்த முனைகள் ஒவ்வோர் அசைவிலும் தசையைக் கிழிக்கும். முதலாம் உலகப் போரின் தொடக்கத்திலே தொடை எலும்பு முறிந்த போர்வீரருள் பத்தில் எண்மர் வரை மாண்டனர் என்பர். காலை நேராக இழுத்து அசையாமற் கட்டும் தோமஸ் பத்தை என்னும் கருவி போர்க்களத்திற் பரவிய பின்னர் அத்தொகை ஏறத்தாழ இருவராகக் குறைந்தது. புதிய மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்பட்டதனால் வந்த மாற்றமன்று இது. பத்தை முன்னரே இருந்தது. லிவர்பூல் வைத்தியர் ஹியூ ஓவன் தோமஸ் அதனைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே செய்துவைத்திருந்தார். காயமுற்றவன் கிடக்கும் இடத்துக்கு அது போய்ச் சேரவில்லை, அவ்வளவே. போரிற் பணி புரிந்த ஹே இதனைக் கண்ணாரக் கண்டவர்.

1932இல் மலையேறுவோர் கழகங்கள் இரண்டு கூடித் தூக்குப்படுக்கைக் குழு ஒன்றை அமைத்தன. மலைக்கு ஏற்ற படுக்கையை வடிவமைத்தவர் யூஸ்டஸ் தோமஸ் என்னும் பொறியியலாளர். பத்தை செய்த தோமஸ் வேறு, படுக்கை செய்த இந்தத் தோமஸ் வேறு. பெயர் ஒற்றுமையால் பலர் மயங்குவதுண்டு. வைத்தியசாலைப் படுக்கையைக் கற்குவியல் நிறைந்த சரிவிலே பயன்படுத்த முடியாது. தோமஸ் செய்த படுக்கைக்கு அடியிலே வழுக்குக் கட்டைகள் இருந்தன; புல்லிலும் பனியிலும் இழுத்துச் செல்லலாம். முன்னும் பின்னும் நீளும் கைபிடிகள் இருந்தமையால் சுமப்பவர் தம் காலடியைப் பார்த்து நடக்க முடிந்தது. எனினும் இது நால்வர் செய்யும் வேலையன்று. செங்குத்தான இடத்தில் மேலிருந்து கயிற்றால் தாங்குவோர் ஒரு சிலர், வழி பார்ப்போர் ஒரு சிலர், தோள் மாற்றுவோர் ஒரு சிலர் எனப் பன்னிருவர் பதினறுவர் வேண்டும்.

இப்படுக்கைகளை எங்கே வைப்பது? நகரத்தில் வைத்தாற் பயனில்லை. மலையடிவாரத்து விடுதிகளிலும் பண்ணை வீடுகளிலும் ஒவ்வொன்றாக வைத்தார்கள். வேல்சு நாட்டின் ஸ்நோடோன் மலைக்கு அருகேயுள்ள பென்-இ-குரிட் விடுதி அவ்விடங்களுள் ஒன்று. பத்தையும் போர்வையும் முதலுதவிப் பொருள்களும் படுக்கையோடு சேர்த்துக் கட்டி வைக்கப்பட்டிருக்கும். எவரும் எந்நேரமும் வந்து கதவைத் தட்டி எடுத்துச் செல்லலாம்.

மோர்பியாவே பெருஞ் சிக்கலாயிற்று. அபினிலிருந்து எடுக்கப்படும் அம்மருந்து கடும் வேதனையைத் தணிக்கும். ஆனால் பழக்கத்துக்கு அடிமைப்படுத்தும் நஞ்சும் ஆகும். ஆதலால் 1920ஆம் ஆண்டின் அபாயகரமான மருந்துகள் சட்டம் அதனை வைத்தியரல்லாதார் கையிற் கொடுப்பதைத் தடுத்தது. ஆனால் மலைச்சரிவில் முதலில் வந்து சேர்பவர் வைத்தியராக இருப்பதில்லை. அவர் ஆசிரியராகவோ, கற்சுரங்கத் தொழிலாளியாகவோ, ஆட்டிடையராகவோ இருப்பார். மருந்தை மீட்பு நிலையங்களில் வைக்க அனுமதி தருமாறு ஹே கேட்டார். உள்துறை அலுவலகம் மறுத்தது. அவர் ஆண்டுக்கணக்காகத் தம் பொறுப்பிலேயே மோர்பியாவை வழங்கி வந்தார். 1949இல் அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. பத்துப் பவுண் தண்டம் விதிக்கப்பட்டது. பெயர் பெற்ற வைத்தியர் ஒருவர் இக்காரணத்துக்காகத் தண்டிக்கப்பட்டமை பொதுமக்களின் கவனத்தை ஈர்த்தது; அதன் பின்னர் அரசு இணங்கியது. இன்று அந்நாட்டு மருந்து விதிகளிலேயே அங்கீகாரம் பெற்ற மலை மீட்புக் குழுக்களுக்கு இடம் உண்டு.

சட்டத்தை மீறுவதை மாணவருக்கு நான் ஒருபோதும் பரிந்துரைத்ததில்லை. இப்பொழுதும் பரிந்துரைக்கப் போவதில்லை. ஆயினும் ஹே செய்ததில் ஒரு நேர்மை உண்டு. அவர் ஒளித்துச் செய்யவில்லை. எதிர்த்து வாதாடியும், தம் பெயரைக் கொடுத்தும், தண்டத்தை ஏற்றும் செய்தார்.

படுக்கை கிடைத்தது, மருந்து கிடைத்தது. அவற்றைப் பயன்படுத்தப் பயின்ற ஆட்கள் வேண்டுமே! அதுவரை விபத்து நேர்ந்தால் அருகில் இருந்தோரெல்லாம் ஓடிச்சென்று உதவினர். மறுநாள் கலைந்து போயினர். 1946இல் இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்திலே கிரேட் கேபிள் என்னும் மலையில் வில்பிரிட் நொய்ஸ் என்பவர் வீழ்ந்து கால் முறிந்தார். பின்னர் 1953ஆம் ஆண்டு எவரெஸ்ட் சிகரத்தை வென்ற குழுவில் இடம்பெற்ற அதே நொய்ஸ்தான். அவரை இறக்கும் பணி இரவு முழுவதும் நீடித்தது. அதிற் பங்குபற்றிய ஹொரஸ் வெஸ்ற்மோர்லன்ட் என்னும் முதியவர், இவ்வாறு திடீரென்று சேர்த்த ஆட்களைக் கொண்டு இனிச் செய்தலாகாது என்று தீர்மானித்து, 1947இல் கெசிக் நகரிலே நிலையான குழுவொன்றை அமைத்தார். அதே ஆண்டிற் கொனிஸ்ரன் என்னும் ஊரிலும் ஒரு குழு தோன்றியது. இன்று இங்கிலாந்திலும் வேல்சிலுமாக ஏறத்தாழ ஐம்பது குழுக்கள் உள்ளன. தொண்டர் மூவாயிரவருக்கு மேற்பட்டோர். தனித்தனி அறநிலையங்களாக இயங்கும் இக்குழுக்களை அழைப்பது பொலிசாரின் கடமை. ஸ்கொத்லாந்திலும் இவ்வாறே.

தூக்கி வருவது பற்றியே இதுவரை சொன்னேன். ஆள் கிடக்கும் இடம் தெரியாதபோது தேடல் தொடங்குகின்றது. அது வேறொரு கலை. ஒருவர் திரும்பி வரவில்லை என்ற செய்தி வந்ததும் தேடுதற் தலைவர் உடனே மலையேறிவிடுவதில்லை. அவர் அமர்ந்து கேள்வி கேட்கிறார். கடைசியாகக் கண்டது யார்? எங்கே? என்ன உடை? எவ்வழியாகத் திரும்ப எண்ணினார்? அவர் வயது என்ன, மனநிலை என்ன? வழி தவறியவர் பெரும்பாலும் தாறுமாறாக அலைவதில்லை. காற்றுக்கு முதுகு காட்டியே இறங்குவர். நீரோடையைக் கண்டால் அதன் வழியே போவர். அவ்வோடை அருவியாய் விழும் இடத்தில் அகப்பட்டுக்கொள்வர். ஆகவே சிறு குழுக்கள் முதலிலே பாதைகளையும் ஓடைகளையும் பாறையடிகளையும் விரைந்து பார்த்து வரும். அதன் பின்னரே பரந்த வெளியை வரிசையாக நின்று சல்லடையிடுவர்.

1965இல் ஹேமிஷ் மக்கின்னஸ் என்னும் ஸ்கொத்லாந்து மலையேறுநர், சுவிட்சர்லாந்திற் கண்ட முறையைப் பின்பற்றித் தேடும் நாய்களைப் பயிற்றும் சங்கம் ஒன்றை நிறுவினார். அந்நாய்கள் காலடித் தடத்தை மோந்து போவனவல்ல. காற்றிலே மிதந்து வரும் மனித வாடையைப் பிடிப்பன. அதனால் நள்ளிரவிலும் மூடுபனியிலும் அவற்றின் பயன் குறைவதில்லை. இக்காலத்திற் கைத்தொலைபேசிக்கு ஒரு செய்தி அனுப்பி, அதனைத் திறந்ததும் அவர் இருக்குமிடம் வரைபடத்தில் தோன்றுமாறு செய்கின்றனர். அலை எட்டாத பள்ளத்தாக்குகளில் அது பயன்படாது. அங்கே பழைய ஊதுகுழலே துணை: ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதுதல், ஒரு நிமிடம் ஓய்தல், மீண்டும் ஆறு முறை. விடையாக மூன்று ஒலி கேட்கும்.

இவ்வளவும் இருந்தும் தோல்வி நேர்வதுண்டு. 1971 நவம்பரில் எடின்பரோ நகரப் பாடசாலை ஒன்றின் மாணவர் கெயர்ன்கோம் மலையின் மேட்டுநிலத்தைக் கடக்கப் புறப்பட்டனர். இரு பிரிவாகச் சென்றனர். முதற் பிரிவு, மேட்டுநிலத்திலிருந்த சிறு புகலிடக் குடிலை அடைந்து தப்பியது. மற்றப் பிரிவு பனிப்புயலில் அகப்பட்டு இரண்டு இரவுகளை வெட்டவெளியிற் கழித்தது. தொண்டர் குழுக்கள் தேடின. பனியும் முகிலும் ஒன்றாகி வானமெது நிலமெது என்று புலப்படாத நிலை. திங்கட்கிழமை ஹெலிகொப்ரரில் இருந்தோர், உதவி நாடித் தவழ்ந்து வந்துகொண்டிருந்த ஓர் உருவத்தைக் கண்டனர். பிரிவை வழிநடத்திய இளம்பெண் அவர். எண்மரில் அவரும் ஒரு மாணவனுமே உயிரோடு மீண்டனர். மாண்ட அறுவரில் ஐவர் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள்.

பெற்றோர் ஒப்படைத்த பிள்ளைகளோடு பல முறை பிரயாணம் செய்தவர்களுள் ஒருவன் என்ற வகையில், இவ்வரலாற்றை என்னால் விரைந்து படித்து முடிக்க இயலவில்லை. விசாரணை நடந்தது. மலைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வோரின் தகைமையும் பயிற்சியும் முன்னிலும் கண்டிப்பாக நோக்கப்பட்டன. அம்மேட்டுநிலத்துக் குடில்களை அகற்றவேண்டுமா என்ற வாதம் அதனினும் கடுமையாயிற்று. அவை பலரைக் காத்தன என்றனர் ஒரு சாரார். இருக்கின்றன என்ற நம்பிக்கையிலேயே மாரிகாலத்தில் மேலே போகின்றனர். புயலில் அவை பனியிற் புதைந்து கண்ணிற்குப் படுவதில்லை என்றனர் மற்றச் சாரார். 1975 அளவிற் சில குடில்கள் இடிக்கப்பட்டன. இரண்டாம் கட்சியே எனக்கு ஏற்புடையது. கண்டுபிடிக்க முடியாத புகலிடத்தை நம்பிப் புறப்படும் சிறுவருக்கு, அதனை அடையாவிட்டால் வேறு வழியில்லை. அது இல்லை என்று அறிந்தவர், பிற்பகலாகுமுன் இறங்கத் திட்டமிடுவார்.

இறுதியாகப் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இக்குழுக்கள் மீட்கப்பட்டவரிடம் ஒரு சதமும் பெறுவதில்லை. வாகனமும் கயிறும் வானொலிக் கருவியும் பெரும்பாலும் பொதுமக்களின் நன்கொடையால் வாங்கப்படுகின்றன. மெல்லிய சப்பாத்தோடு மலையேறி அல்லற்படுவோரை இரவெல்லாம் சுமப்பதற்கு ஏன் கட்டணம் விதித்தலாகாது என்று பத்திரிகைகளில் அடிக்கடி கேட்கப்படுகின்றது. கேள்வி நியாயமாகவே தோன்றும். ஆனால் அதனை எதிர்ப்போருள் முதன்மையானோர் அத்தொண்டர்களே. கட்டணம் உண்டென்று அறிந்தால், கால் சுளுக்கியவர் இன்னும் சற்று நடந்து பார்ப்போம் என்று எண்ணுவார். வழி தவறியவர் ஒரு மணி நேரம் பொறுப்பார். அதற்குள் இருட்டிவிடும், உடை நனைந்துவிடும். பகலில் இருவர் போய்க் கைபிடித்து இறக்கியிருக்கக் கூடியவரைத் தேடி நள்ளிரவில் நாற்பது பேர் போகவேண்டி வரும். ஆகவே 999 என்னும் இலக்கத்துக்கு அழைத்து, முதலிற் பொலிசாரையும் பின்னர் மலை மீட்புக் குழுவையும் கேட்குமாறு அவர்கள் மலையடிவாரமெங்கும் அறிவித்து வருகின்றனர். அழைக்கத் தயங்கவேண்டாம் என்ற வேண்டுகோளையும் கூடவே விடுக்கின்றனர்.