எண்ணெய் குடித்த வீணை

கொல்கத்தாவின் ஈரக்காற்றில் ஒரு தஞ்சாவூர் வாத்தியம் படும் பாடு

டாக்குரியா ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடை. மூன்றாவது மாடி வீட்டில் சுவரோரமாகப் படுத்திருக்கிறது என் அத்தையின் வீணை. ஒரே பலாமரத் துண்டில் குடைந்த ஏகாண்ட வீணை. கல்யாணமான கையோடு அத்தையுடன் தஞ்சாவூரிலிருந்து ரயிலேறி வந்தது. வருடத்துக்கு இரண்டு முறை அதற்கு எண்ணெய்க்காப்பு உண்டு. நவராத்திரியில் நம் வழக்கப்படி ஒரு சரஸ்வதி பூஜை. வசந்த பஞ்சமியன்று வங்காள வழக்கப்படி இன்னொன்று. இரண்டு ஊர் சரஸ்வதிக்கும் பொதுவாகத் தேங்காய் எண்ணெய். அத்தைக்கு மூட்டுவலி வந்த பிறகு அந்தக் கைங்கரியத்தைச் செய்துவந்தவன் நான்.

போன மழைக்காலத்தில் மெட்டுகள் சாய்ந்துவிட்டன.

வீணையில் 24 பித்தளை மெட்டுகள். அவற்றைத் தாங்குவது மரமல்ல, மெழுகு. தேன்மெழுகோடு கரித்தூள் சேர்த்துக் காய்ச்சிய கறுப்பு மெழுகைத் தண்டியின் இரு ஓரமும் வரப்பு போல் கட்டி, ஒவ்வொரு மெட்டையும் சுருதி கேட்டுக் கேட்டுப் பதிப்பார்கள். மேளம் கட்டுதல் என்று இதற்குப் பெயர். ஒரு மெட்டு நூலளவு நகர்ந்தாலும் ஸ்வரம் பிசகும். தேன்மெழுகு உருக 60 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். இளகுவதற்கு அவ்வளவு தேவையில்லை, கொல்கத்தாவின் மே மாதமே போதும். அதில் எண்ணெயும் இறங்கினால் கேட்க வேண்டுமா? மருந்துக் கடையில் விற்கும் களிம்புகள் பலவற்றுக்கு அடிப்படையே மெழுகும் எண்ணெயும்தான். இத்தனை வருடங்களாக நான் பக்தி சிரத்தையோடு களிம்பு தயாரித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மரத்துக்கு எண்ணெய் நல்லது என்ற நம்பிக்கை முழுக்கத் தவறல்ல. எந்த எண்ணெய் என்பதில்தான் விஷயம். ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு சில நாட்களில் கெட்டியாகி, மரத்தின் மேல் மெல்லிய தோலாகப் படிந்துவிடும். மேல்நாடுகளில் எண்ணெய்ப் பூச்சு என்று சொல்வது பெரும்பாலும் இந்த வகைதான். (அதைத் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. உலரும்போது எழும் சூட்டில் தானாகவே தீப்பிடிக்கக் கூடும்.) தேங்காய் எண்ணெய் உலரவே உலராது. பூசிய இடத்தில் பிசுபிசுத்து, தூசியைச் சேர்த்து, மெருகு தேய்ந்த இடங்களில் மரத்துக்குள் இறங்கிவிடும்.

எண்ணெயைச் சந்தோஷமாக ஏற்றுக்கொள்ளும் வாத்தியம் மூங்கில் குழல். ஊதும் மூச்சின் ஈரம் உள்ளே படிந்து, பிறகு காயும். அந்த மாற்றத்தில் மூங்கில் வெடிக்காமலிருக்க எண்ணெய் உதவுகிறது. வடக்கே கடுகெண்ணெய் தடவுகிறார்கள். மீனுக்கும் குழலுக்கும் ஒரே புட்டி என்பதில் வங்காளிக்கு ஆட்சேபம் இருக்க வாய்ப்பில்லை.

ஆனால் வீணையின் மேலிருப்பது வழக்கமாக அரக்கு மெருகு. ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைத் துணிப்பந்தால் திரும்பத் திரும்பத் தேய்த்து ஏற்றுவது. அந்த அரக்கு பக்கத்து ஜார்க்கண்டில்தான் ஏராளமாக விளைகிறது. ராஞ்சியை அடுத்த நாம்கும்மில் 1924லேயே அதற்கொரு ஆராய்ச்சி நிலையம் வந்துவிட்டது. இந்த மெருகுக்கு எண்ணெய் வேண்டாம், காய்ந்த மெல்லிய பருத்தித் துணி போதும். ஈரத்துணி ஆகவே ஆகாது. தண்ணீர் பட்ட இடம் வெளுத்துப்போகும்.

உண்மையான எதிரி காற்றிலிருக்கும் ஈரம்தான். அக்கம்பக்கத்தார் பழியை ஏரி மேல் போடுகிறார்கள். டாக்குரியா ஏரி 1958ல் ரவீந்திர சரோபர் என்று பெயர் மாறியது. பாவம், அதற்கு இதில் பெரிய பங்கில்லை. வங்காள விரிகுடாக் காற்றே காரணம். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை ஈரப்பதம் 80 சதவீதத்தைச் சாதாரணமாகத் தாண்டும். பலாமரம் ஈரத்தைக் குடித்து உப்பும். பிருடைகள் துளையில் இறுகி, திருக வராது. குளிர்காலத்தில் அதே பிருடைகள் தளர்ந்து நழுவும். அப்போது கொஞ்சம் சாக்குப்பொடி தடவினால் நிற்கும், எண்ணெய் தடவினால் இன்னும் வழுக்கும். வங்காளிகள் பிருடையைக் ‘கான்’ என்கிறார்கள். காது என்று அர்த்தம். சொன்னபடி கேட்காவிட்டால் திருகுவது இரண்டையும்தான்.

ஒரு விதத்தில் அந்த இரண்டு பூஜைகளும் சௌகரியமான தேதிகள். ஒன்று மழை முடியும்போது வருகிறது, மற்றது வறண்ட காற்றில். எண்ணெய்ப் புட்டியைத் தள்ளி வைத்துவிட்டு, அந்த இரு நாட்களிலும் மெட்டுகளையும் ஒட்டுகளையும் குதிரையையும் பார்த்துவைத்தால் போதும். மழைக்காலத்தில் வெளிச்சுவரை ஒட்டி வைக்கக் கூடாது. பட்டு உறை அழகுதான், ஈரம் கோத்துக்கொண்டால் அதுவும் வினை.

சாய்ந்த மெட்டுகளை இங்கேயே சரிசெய்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். டாக்குரியாவிலிருந்து ராஷ்பிஹாரி அவென்யூ எவ்வளவு தூரம்? அலி அக்பர் கானுக்கு சரோத் செய்துகொடுத்த ஹேமேந்திர சந்திர சென் (2010ல் மறைந்தார்) கடை வைத்திருந்ததும் சித்தாருக்குப் பேர்போன ஹிரேன் ராயின் கடை இருந்ததும் அந்தத் தெருவில்தான். நான் ஏறி இறங்கிய பட்டறையில் வயதான கைவினைஞர் ஒருவர் வீணையை மடியில் வைத்து, யாளி முகத்தைத் தடவி, குடத்தைத் தட்டிக் கேட்டார். மரத்தைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் நல்ல வார்த்தை. மெழுகைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டார். சித்தாரில் மெட்டுகளை நூலால் தண்டியோடு கட்டுவார்கள், வேண்டியபோது நகர்த்தலாம். சரோதில் மெட்டே கிடையாது. மெழுகு அவர் கைக்குப் பழக்கமில்லாத பொருள். பொய்யாக ஏதாவது செய்து காசு வாங்காமல் திருப்பி அனுப்பினாரே, அந்த மனிதருக்கு ஒரு கும்பிடு.

லேக் மார்க்கெட் பக்கம் தலைமுறைகளாகத் தமிழர்கள் இருக்கிறார்கள். வாழையிலை கிடைக்கிறது, காப்பிப்பொடி கிடைக்கிறது. மேளம் கட்டுகிறவரைத்தான் விசாரித்துப் பார்த்தும் பிடிக்க முடியவில்லை. தஞ்சாவூர் வீணைக்கு 2013ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயரைக் காப்பாற்ற அது உதவும். 1,600 கிலோமீட்டருக்கு அப்பாலிருக்கும் வீணையின் மெழுகுக்கு ஆள் அனுப்பாது.

ஆக, வீணைதான் போக வேண்டும். பழைய மெழுகை முழுக்க வழித்தெடுத்துப் புதிதாகக் கட்ட வேண்டியிருக்கும். அத்தைக்கு வயது எண்பதை நெருங்குகிறது. தானும் கூட வருவேன் என்கிறார். சுருதி சேர்ந்ததா என்று தன் காதால் கேட்க வேண்டுமாம். எண்ணெய் இப்போது ஒரு சின்ன மூடியில் பஞ்சோடு இருக்கிறது, வாசிக்கும்போது இடது கை விரல்களுக்கு மட்டும். ஹௌரா மெயிலில் கீழ்ப்படுக்கை அத்தைக்கா வீணைக்கா என்ற பேச்சு மட்டும் இன்னும் முடியவில்லை.