ஜார்ஜ் ரையன்: 167 பேரின் மரண தண்டனையை ரத்து செய்த ஊழல் கவர்னர்

இன்னிக்கு நாம பேசப்போற ஆளைப் பத்தி ஒரு முடிவுக்கு வர எனக்கே கஷ்டமா இருந்துச்சு. முழுசா கேட்டுட்டு நீங்க சொல்லுங்க.

ஜார்ஜ் ரையன். 1934-ல் பிறந்தவர். அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் கான்ககீ என்ற ஊரில் குடும்பத்தோட மருந்துக்கடை நடத்தியவர். ரிபப்ளிகன் கட்சி. 1972-ல் மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்வானார். 1977-ல் மரண தண்டனையைத் திரும்பக் கொண்டுவரும் மசோதா வந்தபோது ஆதரவாக ஓட்டுப் போட்டார். சபாநாயகர், துணை கவர்னர், மாநிலச் செயலர் என்று படிப்படியாக ஏறி, 1999 ஜனவரியில் கவர்னர் ஆனார்.

வந்த உடனே ஒரு அதிர்ச்சி. ஆன்டனி போர்ட்டர் என்ற கைதியின் தண்டனையை, நிறைவேற்ற ரெண்டே நாள் இருக்கும்போது கோர்ட் தள்ளிவைத்திருந்தது. அந்த இடைவெளியில் இதழியல் மாணவர்கள் வழக்கைத் தோண்ட, வேறொருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 1999 பிப்ரவரியில் போர்ட்டர் வெளியே வந்தார். அடுத்த மாதமே ரையன் இன்னொரு கைதியின் தண்டனைக்கு அனுமதி கொடுத்தார். இல்லினாய்ஸில் நிறைவேறிய கடைசி மரண தண்டனை அதுதான்.

ஏன்னா, கணக்கு அவரை உறுத்த ஆரம்பிச்சுடுச்சு. 1977-க்குப் பிறகு தண்டனை நிறைவேற்றப்பட்டவர்கள் 12 பேர். தீர்ப்பு தப்புன்னு விடுதலையானவர்கள் 13 பேர்! ‘சிகாகோ ட்ரிப்யூன்’ பத்திரிகை பழைய வழக்குகளை அலசியது. 33 கைதிகளுக்கு வாதாடிய வக்கீல்கள், ஒரு கட்டத்தில் தொழில் உரிமம் பறிக்கப்பட்டவர்கள் அல்லது இடைநீக்கம் செய்யப்பட்டவர்கள். 46 வழக்குகளில் சக கைதியின் சாட்சியம் பயன்பட்டிருந்தது.

நான் வேலை பார்க்கிற துறையில, பாதிக்கு மேல தப்பான பதில் தர்ற சாஃப்ட்வேரை உடனே நிறுத்திடுவோம். ரையனும் அதைத்தான் செய்தார். 2000 ஜனவரி 31 அன்று எல்லா மரண தண்டனைகளையும் நிறுத்திவைத்தார். பதவி முடிய ரெண்டு நாள் இருக்கும்போது, 2003 ஜனவரி 11 அன்று, 167 பேரின் மரண தண்டனையை ஒரே அடியாகக் குறைத்தார். பெரும்பாலானோருக்குப் பரோல் இல்லாத ஆயுள். அதுக்கு முந்தின நாள், சிகாகோ போலீஸ் சித்திரவதை செய்து வாக்குமூலம் வாங்கியதாகச் சொல்லிவந்த நாலு பேருக்கு முழு மன்னிப்பு கொடுத்தார். கொலையானவர்களின் குடும்பங்கள் கொதித்துப்போனார்கள். அவங்க கோபத்துலயும் நியாயம் இருக்கு இல்லையா?

இப்போ கதையோட மறுபக்கம். கவர்னராவதற்கு முன் ரையன் எட்டு வருஷம் மாநிலச் செயலராக இருந்தார். டிரைவிங் லைசென்ஸ் கொடுப்பது அந்த ஆபீஸின் வேலை. ஊழியர்கள் லஞ்சம் வாங்கிக்கொண்டு லாரி டிரைவர்களுக்கு லைசென்ஸ் விற்றார்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதி ரையனின் தேர்தல் நிதிக்குப் போனது. 1994-ல் விஸ்கான்சினில் ஒரு லாரியிலிருந்து கழன்று விழுந்த உதிரிபாகத்தால் பின்னால் வந்த வேன் தீப்பிடித்தது. ஒரே குடும்பத்துக் குழந்தைகள் ஆறு பேர் இறந்தார்கள். அந்த டிரைவரின் லைசென்ஸும் லஞ்சத்தில் வந்தது. அந்த விவகாரத்தைத் தோண்டிய உள்விசாரணையை ரையன் தரப்பு முடக்கியதாக அரசுத் தரப்பு குற்றம்சாட்டியது.

2006-ல் ஊழல் வழக்கில் ரையன் குற்றவாளி எனத் தீர்ப்பு வந்தது. ஆறரை வருஷ தண்டனை. 2007-ல் சிறைக்குப் போனார், 2013-ல் வெளியே வந்தார். நடுவில், 2011-ல் இல்லினாய்ஸ் மரண தண்டனையையே ஒழித்தது. 2025 மே மாதம், 91 வயதில் ரையன் இறந்தார்.

வழக்கிலிருந்து கவனத்தைத் திருப்பத்தான் தண்டனைகளைக் குறைத்தார்னு சிலர் சொல்றாங்க. அவர் மனசுல என்ன இருந்துச்சுன்னு நாம பார்க்க முடியாது. எனக்கு உறுத்துறது வேற. ரெண்டு இடத்துலயும் சிஸ்டம் தப்பா ஓடுதுன்னு எச்சரிக்கை வந்துச்சு. ஒரு இடத்துல, தான் ஓட்டுப் போட்ட சட்டத்தையே நிறுத்தினார். இன்னொரு இடத்துல, தன் ஆபீஸ் மேல வந்த புகாரைக் கண்டுக்கவே இல்லை. அந்த 167 பேரை அந்த ஆறு குழந்தைகளோட கழிச்சுப் பார்க்கிற கணக்கு எனக்குத் தெரியல. ரெண்டையும் தனித்தனியாத்தான் எழுதி வைக்கணும்.

நீங்க என்ன நினைக்கிறீங்க? அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.